சீட்டில் இருந்த பெயர்

வண்டியை அணைத்ததும் ஹில்யா நிஸ்கனென் முதலில் செய்யும் வேலை காலைக் கழற்றுவதுதான். இடது தொடையில் இறுக்கியிருக்கும் வாரைத் தளர்த்தி, காற்று புகுந்து ‘பொசுக்’கென்று சத்தம் வரும்வரை திருகி, பூட்ஸோடு சேர்த்து அந்தச் செயற்கைக் காலை உருவிப் பின்னிருக்கையில் படுக்கவைப்பாள். அதற்குப் பிறகுதான் ரைஃபிளை உறையிலிருந்து எடுப்பது, தோட்டா போடுவது, தெர்மாஸைத் திறப்பது எல்லாம். வண்டி நகரும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, அது சட்டம். வண்டி நின்றபின் உடம்பில் அந்தக் கால் இருக்கக் கூடாது. அது ஹில்யாவின் சட்டம். “மாட்டிக்கிட்டிருந்தா எழுந்து நடக்கத் தோணும். கழட்டி வச்சிட்டா புத்தி ஒரு இடத்துல உட்காரும்” என்பாள்.

ஓட்டும் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, மடித்த போர்வையை விளிம்பில் போட்டுத் துப்பாக்கிக் குழலுக்கு மெத்தை அமைப்பாள். அனுமதிச் சீட்டு முன்கண்ணாடியில் வெளியே பார்த்தபடி நிற்கும். ஏலக்காய் ரொட்டியை மெல்ல மாட்டாள், வாயில் ஊறவைத்தே விழுங்குவாள். மெல்லும் சத்தம் தன் காதையே அடைத்துவிடுமாம். இல்லாத பாதத்தின் கட்டைவிரல் சில்லிட்டால் மான் வருகிறது என்று பொருள். இதைக் கேட்டு ஒருமுறை சிரித்தவர் பக்கத்து வேட்டை முகாமின் வால்ட். சிரித்த வாய் மூடுவதற்குள் மரங்களுக்கு நடுவே எட்டுக் கிளைக் கொம்போடு ஒன்று வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கால் போனது வேட்டையில் அல்ல. இருபத்திரண்டு வருடம் மாவட்டத்துக்குப் பனி அள்ளும் வண்டி ஓட்டினாள். அமெரிக்காவின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்காற்று ஒரே இரவில் இடுப்பளவு பனியைக் கொண்டுவந்து கொட்டும் ஊர் அது. ஒரு ஜனவரியில் முன் தகட்டில் சிக்கிய கட்டையை எடுக்கக் கீழே இறங்கினாள், தகடு காலின்மேல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “ரோட்டை யாரு முடிச்சா?” என்பதுதான். கடைத்தெருவில் யாராவது ‘பாவம்’ என்று தொடங்கினால் கையிலிருக்கும் முட்டை அட்டையை அவர்களிடம் கொடுத்து, “இதைக் கொஞ்சம் புடிங்க” என்று சொல்லி, தான் பாட்டுக்கு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவாள். அவர்கள் முட்டையோடு நிற்பார்கள்.

நடக்க முடியாதவர்கள் நின்ற வண்டிக்குள்ளிருந்தே சுடலாம் என்று ஒரு சீட்டு உண்டு. மற்றவர்கள் அப்படிச் செய்தால் குற்றம். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும், விழுந்த மானைத் தேடிப்போய் இழுத்துவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயருக்குச் சீட்டில் ஒரு கட்டம். ‘உடன் இருப்பவர்’ என்று அதன் மேல் அச்சடித்திருக்கும். ஹில்யாவின் சீட்டில் அந்தக் கட்டத்தில் தம்பி ரெய்னோவின் பெயர் இருந்தது. மான் கிடைத்துவிட்டால் ரெய்னோ காட்டுக்குள்ளிருந்து இரண்டு தடவை சீழ்க்கை அடிப்பான். ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். அக்கா வண்டியில் நிம்மதியாகக் காப்பியை ஊற்றுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் வேட்டை தொடங்கும் நாளில் ஏழு மணிக்குச் சுட்டாள். ரெய்னோ உள்ளே போனான். எட்டு மணிக்குச் சீழ்க்கை வந்தது. ஹில்யா காப்பியை ஊற்றினாள். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று, அவன் வரவில்லை. வால்ட்டும் இன்னும் நாலு பேரும் போய்ப் பார்த்தபோது வண்டியிலிருந்து இருநூறு அடியில், குப்புற, பனியில் கிடந்தான். நெஞ்சு நின்றுவிட்டது. உள்ளே போன பத்தாவது நிமிடமே போயிருப்பான் என்றார் மருத்துவர். மான் அங்கே இல்லை. அது இன்னும் உள்ளே தள்ளிச் சதுப்பின் ஓரத்தில் கிடந்தது. எட்டு மணிக்குச் சீழ்க்கை வந்தது அந்த இடத்திலிருந்துதான். அந்த இடம்வரை ரெய்னோ போய்ச் சேரவே இல்லை. பனியில் அவன் அடிச்சுவடு உடலோடு நின்றுபோயிருந்தது.

அடுத்த வருடமும் ஹில்யா அதே இடத்தில் வண்டியை நிறுத்தினாள். புதுப்பிக்கும் கடிதத்தில் பழைய பெயரே அச்சாகி வந்தது. அவள் அதை அடித்துத் திருத்தவில்லை, அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை. சுட்டாள். சீழ்க்கை வந்தது. உதவிக்கு வந்த வால்ட்டிடம், “சாஞ்ச மரத்துக்கு இடப்பக்கம் போங்க, அங்கதான் கிடக்கு” என்றாள். அங்கேதான் கிடந்தது.

“உட்கார்ந்த இடத்துலேர்ந்து எப்படிக் கண்டுபுடிச்சே?”

“சீழ்க்கை அடிச்சுச் சொன்னாங்க.”

வால்ட் யார் சொன்னது என்று கேட்கவில்லை. அதற்கடுத்த வருடமும் சீழ்க்கை வந்தது. ஆனால் மானிடமிருந்து வரவில்லை. மானைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து வந்தது. அதை ஹில்யா வால்ட்டிடம் சொல்லவில்லை. தன்னிடமே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் வருடம் முழுக்க அவள் காத்திருந்தாள்.

இந்த வருடம் வால்ட் மகளோடு இருக்கத் தெற்கே போய்விட்டார். சீட்டிலும் சிக்கல் வந்தது. மருத்துவமனைக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர், ‘நிரந்தரம்’, ‘தற்காலிகம்’ என்று இருந்த இரண்டு கட்டங்களில் இரண்டாவதில் கோடு போட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும், அதுவரை சீட்டு இல்லை என்று கடிதம் வந்தது. ஹில்யா நேரே போய் அவருடைய மேசைமேல் காலைக் கழற்றி வைத்தாள்.

“ஆறு மாசத்துல முளைச்சிரும்னா சொல்லுங்க டாக்டர். அந்தப் பக்கத்துக்கும் ஒரு செருப்பு வாங்கிடறேன்.”

டாக்டருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. “பழைய கால் மாத்திப் புதுக் கால் பொருத்தறாங்களே, அதுக்குத் தற்காலிகம்னு நினைச்சேன்” என்று முணுமுணுத்தபடி திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு வேட்டை அலுவலகத்துக்குப் போனால், இந்த வருடம் படிவம் மாறியிருந்தது. உடன் இருப்பவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். டெனிஸ் என்கிற பெண் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க தம்பி வந்து இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“அவன் வர மாட்டான்.”

“வெளியூர்ல இருக்காரா?”

“இல்ல. உள்ளூர்தான். சர்ச்சுக்குப் பின்னாடி.”

டெனிஸுக்கு அது புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “ஐயோ, ஹில்யா. அப்ப ரெண்டு வருஷமா இந்தச் சீட்டு…”

“உடன் இருப்பவர்னுதானே போட்டிருக்கு? உயிரோட இருப்பவர்னா போட்டிருக்கு?”

“வாதம் பண்ணாதீங்க. நான் மேல சொல்லலை, சரியா? வெள்ளிக்கிழமைக்குள்ள மூச்சு விடற ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.”

சனிக்கிழமை விடிந்தால் வேட்டை. ஊரில் ஆண் பெண் எல்லாருக்கும் ஏற்கெனவே ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு கூட்டம். தொடங்கும் நாளைத் தன் வேட்டையை விட்டு இன்னொருத்திக்காக யார் தருவார்? ஒரே ஒரு கதவுதான் மிச்சம் இருந்தது. அது ரெய்னோவின் மனைவி லோரேனின் கதவு. மூன்று வருடமாக அவள் ஹில்யாவோடு பேசவில்லை. சர்ச்சில் ஹில்யா இடப்பக்கம் உட்கார்ந்தால் அவள் வலப்பக்கம் போவாள். “ஒன்றரை மணி நேரம் காப்பி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தா” என்பதுதான் ஊரெல்லாம் அவள் சொன்ன ஒரே வாக்கியம்.

லோரேன் வீட்டுச் சமையலறையில் பெண்களுக்கு முடி வெட்டுவாள். கத்தரிக்கோலோடு வந்துதான் கதவைத் திறந்தாள். ஹில்யா படிவத்தை நீட்டினாள். லோரேன் கடைசி வரி வரை படித்தாள். ரெய்னோவின் பெயரை டெனிஸ் ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தாள். கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

“உனக்கு வெக்கமா இல்ல?”

“இருக்கு. இருந்தும் வந்திருக்கேன்.”

“ஒரு வருஷம் மான் திங்கலைன்னா செத்தா போயிடுவே?”

“வீட்டுல உட்கார்ந்தா போயிடுவேன்.”

லோரேன் கத்தரிக்கோலைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். பிறகு யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் குரலை அடக்கிக் கேட்டாள். “வால்ட் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னார். நீ சுட்டதும் உனக்குக் கேக்குதாமே?”

ஹில்யா படிவத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“ரெண்டு தடவையா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணா?”

“லோரேன், அதெல்லாம் விடு.”

“ஏன், உனக்கு மட்டும்தான் கேக்கணுமா? நான் அவனோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ.” பேனாவைப் பிடுங்கிக் கட்டத்துக்குள் அடங்காமல் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். “எத்தனை மணிக்கு வரணும்?”

சனிக்கிழமை, விடிய இன்னும் அரை மணி இருக்கும்போது லோரேன் வந்தாள். ரெய்னோவின் ஆரஞ்சு மேல்கோட்டைப் போட்டிருந்தாள். கைகள் உள்ளே தொலைந்துபோயிருந்தன. அந்தக் காலையில் மைல் கணக்கில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார். இருமல் வந்தால் தொப்பிக்குள் இருமுவார்கள். அன்று சத்தம் போட்டவன் பெயரை அடுத்த நவம்பர் வரை சொல்லித் திட்டுவார்கள். ஏலக்காய் ரொட்டியில் பாதியை ஹில்யா நீட்டினாள். லோரேன் வாங்கிக்கொண்டாள். அதுவே பெரிய காரியம்.

வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்தது. பனி விழவில்லை, காற்றில்லை. ஹில்யாவின் இல்லாத கட்டைவிரல் சில்லிட்டது. கை உயர்த்தி லோரேனை அசையாமல் இருக்கச் சொன்னாள். வெள்ளைப் பட்டை மரங்களுக்கு நடுவே கொம்பு மான் ஒன்று தலையைத் தூக்கிக் காட்டின் உட்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. தங்கள் பக்கம் பார்க்காமல் அது அப்படி எதைப் பார்க்கிறது என்று ஹில்யாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சுட்டாள். மான் நாலு பாய்ச்சல் பாய்ந்து வலப்பக்கம் மேட்டில் மறைந்தது.

அடிபட்ட மான் விழுந்து அடங்கட்டும் என்று வழக்கப்படி அரை மணி பொறுத்தார்கள். மிச்சத் தோட்டாவை எடுத்துவிட்டு ஹில்யா சொன்னாள், “வலப்பக்கம். ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே போ. சதுப்புப் பக்கம் மட்டும் போகாதே. போன வாரம்தான் உறைய ஆரம்பிச்சிருக்கு. மேல பனி இருக்கும், கீழ ஒண்ணும் இருக்காது.”

“சின்னப் பிள்ளையா நான்?” என்று சொல்லிவிட்டு லோரேன் கதவை இடுப்பால் அழுத்தி மெல்ல மூடினாள்.

ஆரஞ்சுக் கோட்டு மரங்களுக்கு இடையே தெரிந்தும் மறைந்தும் போயிற்று. மேட்டில் ஏறியது. நின்றது. குனிந்தது. பிறகு கையைத் தூக்கி ஆட்டியது. மான் கிடைத்துவிட்டது. ஹில்யா மூச்சை விட்டாள். இந்த வருடம் சீழ்க்கை இல்லாமலே போயிற்று என்று நினைத்தாள். அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, யாரோ நெஞ்சில் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டது போலவும் இருந்தது.

அப்போது சீழ்க்கை வந்தது. ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது.

மேட்டிலிருந்து வரவில்லை. இடப்பக்கத்திலிருந்து, சதுப்புக்கு நடுவிலிருந்து, இதுவரை வந்ததிலேயே வெகு தூரத்திலிருந்து வந்தது. ரெய்னோ அடிப்பது போலவேதான் இருந்தது. கடைசியில் மூச்சு கொஞ்சம் தேய்வதுகூட அப்படியே.

மேட்டில் ஆரஞ்சுக் கோட்டு நிமிர்ந்தது. லோரேன் திரும்பினாள். தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள், காது கேட்பதற்காக. இன்னொரு முறை வந்தது. அவள் மானை அங்கேயே விட்டுவிட்டு மேட்டின் அந்தப் பக்கச் சரிவில் இறங்கத் தொடங்கினாள். மெதுவாக அல்ல. வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பதைப் பார்த்து இறங்குகிறவளைப் போல.

“லோரேன்!” என்று கத்தினாள் ஹில்யா. பனி அந்தக் குரலைக் குடித்துவிட்டது. பின்னிருக்கைக்குத் திரும்பிக் காலை எட்டினாள், எட்டவில்லை. எட்டினாலும் மாட்ட ஐந்து நிமிடம், நடக்க இன்னும் எத்தனையோ. சரிவின் கீழே சதுப்பு ஒரு மேசை விரிப்பைப் போல வெள்ளையாக, சமமாக, சுருக்கமில்லாமல் கிடந்தது. மூன்றாவது முறையாகச் சீழ்க்கை வந்தது. இந்த முறை இறங்கும் பகுதி ஹில்யாவின் பெயரைச் சொல்வது போலவே இருந்தது.

ஹில்யா ஸ்டியரிங்கின் நடுவே உள்ளங்கையை வைத்து, தன் முழு எடையோடு அழுத்தினாள்.

ஹாரன் அந்தக் காடு முழுவதையும் கிழித்துக்கொண்டு போயிற்று. மரக்கிளைகளிலிருந்து பனி கொட்டியது. எங்கெங்கோ மான்கள் புதர்களை உடைத்துக்கொண்டு ஓடின. தூரத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினார்கள். சரிவின் அடியில், வெள்ளை தொடங்கும் இடத்தில், ஆரஞ்சுக் கோட்டு நின்றது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு வண்டியை நோக்கித் திரும்பியது. வழியெல்லாம் பின்னால் பார்த்துப் பார்த்து நடந்து, வண்டியின் பக்கம் வந்து, கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தது.

“போதும் ஹில்யா,” என்றாள் லோரேன். “வந்துட்டேன். கையை எடு.”

ஹாரன் நின்றால் அந்தச் சீழ்க்கை மறுபடி கேட்கும். ஹில்யா எடுக்கவில்லை.