கச்சானுக்கு முதுகு காட்டிய வீடு

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவளின் கலியாணத்துக்காக வாப்பா கட்டிய வீட்டை நினைத்தால், ரோட்டைப் பார்த்து நின்ற அந்த மொட்டைச் சுவர்தான் முதலில் கண்ணுக்குள் வரும். மருதமுனையில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் ரோட்டுப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வைத்துப் பளபளத்தன. எங்களுடையதில் ஒன்றுகூட இல்லை. ரோடு மேற்கே இருந்தது. மே மாதம் பிறந்தால் கச்சான் காற்று அங்கிருந்துதான் அனலாக வீசும். பின்னேர வெயிலும் அந்தப் பக்கம்தான். அதனால் மேற்கு முழுக்கக் களஞ்சிய அறையையும் குளியலறையையும் வைத்து அடைக்கச் சொன்னாள் ராத்தா. ஜன்னல்கள் கிழக்கே கடலைப் பார்த்தன. கொங்கிரீட் கூரை வேண்டாம், ஓடுதான் என்றாள். சூடு மேலேறி வெளியே போகக் கூரையடியில் துவாரங்களும் விடச் செய்தாள்.

"வெயில வூட்டுக்குள்ள கூப்பிட்டுப்போட்டு, பிறகு பேன் காத்து காணாதெண்டு அழுறதா?" என்பாள். மேசன் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் கலியாணத்துக்குப் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிப்பார்கள். "இதப் பார்த்துட்டு வேணாமெண்டு போனா என்ன மகள் செய்ற?" என்று கேட்டார் வாப்பா. "நான்தானே வாப்பா இதுக்குள்ள இரிக்கப்போற" என்றாள் அவள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது வேறு. இருந்தும் என்ன பிடிவாதம்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கச்சான் கொளுத்திய ஒரு நண்பகல், லுஹர் தொழுகை நேரம் மாப்பிள்ளையின் உம்மா வந்து இறங்கினார். சுவரைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. "என்னகா இது, நெல்லு ஸ்டோரா?" என்றார். "எல்லாம் மகள்ட யோசனை" என்று வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு இன்னும் கரண்ட் எடுக்கவில்லை, ஒரு பேன்கூட இல்லை. பகல் சாப்பாடு முடிந்ததும், "கொஞ்சம் சாய்ஞ்சிட்டுப் போறன்" என்று கிழக்கு அறைப் பாயில் சரிந்தவர்தான். குறட்டை முற்றம்வரை கேட்டது. வாப்பா வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். குசினிக்குள் அடுப்படியில் ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இன்று அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி இரைகிறது. ராத்தா வீட்டில் அது இல்லை. கச்சான் காலத்தில் பகல் தூக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் ஓடுவது அங்கேதான்.

அன்று பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்ன பிறகுதான் அந்த உம்மா எழும்பினார். முக்காட்டைச் சரிசெய்தபடி வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாப்பாவிடம் சொன்னார்: "எங்குட மகளுக்கும் வூடு கட்டப்போறம். ஜன்னல எங்க வைக்கிறெண்டு மருமகள்தான் வந்து சொல்லோணும்."

மருமகள்! வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.