கிரேன் மேலே ஓர் அரவை மில்

கட்டட வேலைக்கு வந்துவிட்டால் யாருக்கும் பட்டப்பெயர் தப்பாது. என் தங்கை கணவருக்குக் கிடைத்தது 'அரவை மில்'. அந்த வாய் ஓய்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை.

உயரமான கிரேனை ஓட்டுபவர் அவர். கீழே நின்று கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டி, வாக்கி-டாக்கியில் "தூக்கு" என்று சொல்பவன் நான். காலையில் அவர் ஏணியேறும்போது தோளில் ஒரு பை தொங்கும். ரொட்டி, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, நாலைந்து பாக்கெட் பிஸ்கட். நான் உத்தரவு கொடுத்தால் மேலேயிருந்து முதலில் மெல்லும் சத்தம்தான் பதிலாக வரும்.

"மாப்ள, முழுங்கிட்டுத் தூக்குங்க. கீழ ஆளுங்க நிக்கிறோம்."

"ஒரு வாய் மச்சான்."

தங்கமான மனிதர்தான். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். அந்தப் பையில் மட்டும் கைவைத்துவிடக் கூடாது, முகம் மாறிவிடும். ஒரு பிஸ்கட்கூட யாருக்கும் தந்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் பாதிப் போட்டோக்களில் எதையோ மென்றுகொண்டுதான் நிற்கிறார். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நான் என்பதால், அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

"தேடித் தேடி ஒரு தீனிப் பண்டாரத்தப் புடிச்சிட்டு வந்தியேடா."

அவருக்கும் வெட்கம்தான். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் மச்சான். வயிறு காலியாச்சுன்னா கண்ணு இருட்டிடும்" என்பார். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மயங்கி விழுந்தபோது, பரீட்சைக்குப் பயந்த நடிப்பு என்று வீட்டில் முதுகில் ரெண்டு வைத்தார்களாம். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

பிறகு பெண் குழந்தை பிறந்தது. அழுகை கிடையாது, அடம் கிடையாது, படுக்கப் போட்டால் தூக்கம். "தொந்தரவே இல்லாத பிள்ள" என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டாள். தொந்தரவாக இருந்தவர் அப்பாக்காரர்தான். பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால் தொட்டிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவார். உள்ளங்காலைச் சுரண்டுவார், ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பார். அது வீறிட்டதும், "பசிக்குது பாரு" என்று தங்கையிடம் நீட்டிவிடுவார். அவளோ பாதித் தூக்கத்தில் இவரைத் திட்டிக்கொண்டே பால் கொடுப்பாள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வீட்டில் வந்து தங்கியிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் போட்டாள். ஒன்று அவள் இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டுமாம். பஞ்சாயத்துக்கு நான் போனேன்.

"தூங்குற பிள்ளைய எழுப்பலாமா? நீயே கேளு. பசிச்சா அதுவே அழாதா?" என்றாள் அம்மா.

"பசி முத்திட்டா அழக்கூடத் தோணாது அத்தை. சும்மா தூக்கம்தான் வரும். எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"இவருக்குப் பசிச்சா ஊருக்கே பசிக்கும்."

எனக்கும் கோபம் வந்தது. உங்கள் வயிற்றை வைத்துப் பச்சைப் பிள்ளையை அளக்காதீர்கள் என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோதுதான் தங்கையின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஏதோ கோளாறாம். உடனே பிள்ளையோடு வர வேண்டும், அதுவரை பால் கொடுக்காமல் மட்டும் இருக்கக் கூடாது. தங்கை பிள்ளையை வாரி எடுத்தாள். கட்டிவைத்த பையை மறந்துவிட்டு அம்மாதான் முதலில் செருப்பை மாட்டினாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சாப்பிட்டது தீர்ந்துபோனால் உடம்பு சேமித்து வைத்த கொழுப்பை எரித்துத்தான் பிழைக்கிறது. அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு போக கோஎன்சைம் ஏ என்று ஒன்று இருக்கிறது. வழியில் கொழுப்பைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டும் நொதிகளில் ஒன்று இவளுக்கு வேலை செய்யவில்லை.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "அப்ப கொக்கி சரியா இருக்கு. சுமைய இறக்கத்தான் ஆளில்ல?"

"அதேதான். மாட்டின சுமை மாட்டினபடியே நிக்குது. கொக்கியும் அடுத்த வேலைக்குப் போக முடியாது. ரொம்ப நேரம் வயிறு காலியா இருந்தா சர்க்கரை இறங்கும், தூக்கம் வரும், அந்தத் தூக்கத்துலேர்ந்து எழுப்ப முடியாமலும் போகலாம். பிள்ளைய அதிக நேரம் தூங்க விட்டீங்களா?"

தங்கை புருஷனைக் கைகாட்டினாள். "இவரு விடவே மாட்டாரு."

"அதனாலதான் பிள்ளை இன்னைக்குத் தெளிவா இருக்கா" என்றார் டாக்டரம்மா. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டினி போடக் கூடாது, காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாமல் போனால் உடனே இங்கே தூக்கி வந்துவிட வேண்டும், குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாம், மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும்போல வளருவாள் என்றார். தங்கைக்கு நம்பிக்கை வரவில்லை.

"இதோட வளந்து பெரியாளான யாரையாவது பாத்திருக்கீங்களா டாக்டர்?"

டாக்டரம்மா சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் மாப்பிள்ளை கண்ணில் நீர் வழிய வழிய வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உங்க ரத்தத்தையும் கொஞ்சம் பாத்துடுவோமா?"

பார்த்தார்கள். அதேதான். அத்தனை வருஷமும் எங்கள் அரவை மில் அரைத்து அரைத்துத் தன் உயிரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். பெரியாளாக வளர்ந்த ஆள் அவள் வீட்டிலேயே இருந்தார்.

"அப்ப இது அவங்க பக்கத்துலேர்ந்து வந்ததா?" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் கொடுத்தால்தான் பிள்ளைக்கு வரும், பாதி உங்கள் பக்கத்துச் சீர்தான் என்றார் டாக்டரம்மா. அதற்குப்பிறகு 'தீனிப் பண்டாரம்' என்ற சொல் எங்கள் வீட்டில் காதில் விழவில்லை.

இப்போது பிள்ளை தளர்நடை போடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பையைத் திறந்தார். அவள் தத்தித் தத்தி வந்து, அவர் பாதி கடித்த பிஸ்கட்டை வாயிலிருந்தே பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் பையை மொத்தமாக அவள் மடியில் கவிழ்த்தார்.

"சாப்புடு கண்ணு. யாரு சிரிச்சாலும் நிறுத்தாத."