சோடாக்காவின் கடைசிக் கூட்டம்

பெரியாஸ்பத்திரியில் ஈரல் கெட்டவர்களின் வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த நர்ஸ் அவள். விருந்துகளில் யார் கிளாஸை நீட்டினாலும் சோடாவை மட்டும் வாங்கிக்கொள்வதால் ஊருக்கு அவள் சோடாக்கா. ஓய்வு பெற்ற கையோடு, சாராயக் கடைகளை மூடச் சொல்லி நாடாளுமன்றத் தேர்தலில் நின்றாள். பேச்சில் உப்புச் சப்பில்லை. கூட்டம் சேர்த்தவன், குடிகாரனென்று ஊரறிந்த அவள் தம்பிதான். “நான் விட்டுட்டேன், நீங்களும் விடுங்க” என்று மேடைக்கு மேடை அவன் சொல்லும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இரண்டு நாளாக அவனுக்குக் காய்ச்சலென்றார்கள். கடைசிக் கூட்டத்தன்றும் அவனைக் காணோம். கேட்டால் தேர்தல் ஏஜெண்ட் மென்று முழுங்கினார். தம்பி திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். வெளியே தெரிந்தால் மானம் போகுமென்று முந்தாநாளே அவனைக் கட்சி ஆபீஸ் பின்னறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

“சொட்டுகூடக் கிடைக்கலக்கா அவருக்கு. மேடையேறதுக்குள்ள தெளிஞ்சிடுவாரு.”

“அட பாவி, திற முதல்ல!”

தம்பி தரையில் உட்கார்ந்து, சட்டையில் இல்லாத எறும்புகளைத் தட்டிக்கொண்டிருந்தான். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. கை உதறல் நிற்கவில்லை. அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்; தறிகெட்டு ஓடியது. வருஷக்கணக்காகக் குடித்தவன் மருந்தில்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகும். வார்டில் அவள் பார்க்காததா?

“வாசல் பூரா ஜனம். இந்தக் கோலத்துல பாத்தா நம்ம கதை முடிஞ்சுது. அரை மணி நேரம் பேசிட்டு வந்துடுங்கக்கா.”

“அதுக்குள்ள இவன் கதை முடிஞ்சிடும். அந்தத் தோளைப் பிடி.”

காருக்குப் போக வேறு வழி கிடையாது. மேடையை ஒட்டித்தான் போக வேண்டும். கூட்டம் அவர்களைப் பார்த்துவிட்டது.

“சோடாக்கா, தம்பிக்கு சோடா பத்தலையோ?” என்றது ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு.

“பத்தலப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழிய விடு.”

வழி விட்டார்கள். பாதித் தூரத்தில் காருக்குள்ளேயே வலிப்பு வந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, அழுக்குத் துணியோடு திரும்பினான்.

“வாயில ஒண்ணையும் திணிக்காதே! நீ ஓட்டு!”

தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலர் பொத்தானைக் கழற்றி, தலையைத் தன் தொடையில் தாங்கிக்கொண்டாள். உதறல் அடங்கி அவன் மூச்சு சீராகும்வரை அவள் மூச்சும் ஓடவில்லை.

தேர்தலில் படுதோல்வி. தம்பிக்குப் புத்தி தெளிந்தபோது வாக்குப்பதிவே முடிந்திருந்தது.

“என் ஓட்டும் போச்சேக்கா.”

“போனாப் போவுது. மாத்திரையப் போடு.”