கடலடிப் பார்களுக்கு ஒரு நகல்

கச்சான் காற்று ஓய்ந்த மாதம் அது. மாம்புரியில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கொட்டிலில் தங்கியிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. கட்டாரில் கணினிகள் அடுக்கிய குளிர் அறையொன்றைத் துடைக்கும் வேலை கொஞ்சக் காலம் பார்த்தேன். அங்கே ஒரு நேபாளி சொல்லித் தந்ததை வைத்துக்கொண்டு, போன் திருத்துவது, லெப்டொப் திருத்துவது என்று சாப்பாட்டுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையிலிருந்து ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். அவருடைய கணவர் ஆறு மாதங்களுக்கு முன் வள்ளத்திலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். கையிலிருந்த போனும் அவரோடு கடலில் விழுந்து கெட்டுப்போனது. செத்தவருடைய தம்பி இத்தாலியில் இருக்கிறான். அண்ணன் கடலில் எங்கே நிற்கிறார் என்று வீட்டுக்குத் தெரியட்டும் என்று, எந்த நாட்டிலோ ஓடும் பெரிய கணினியொன்றில் ஒரு சிறிய பங்கை அவன் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். சேர்வர் என்பார்கள். வள்ளத்திலுள்ள போன் தான் நிற்கும் இடத்தை அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சிக்னல் இல்லாவிட்டால் சேர்த்து வைத்திருந்து, கரை தெரியும்போது அனுப்பும். அதே இடத்தில்தான் அக்காவின் கணவர் தன் பார்களையும் எழுதி வைத்திருந்தார். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் கல். மீன் நிற்பது அங்கேதான். அது தெரியாதவனுக்குக் கடல் முழுக்கத் தண்ணீர்.

தம்பிக்கு அங்கே வேலை போய்விட்டது. வாடகையை நிறுத்திவிட்டான். இன்னும் ஐந்து நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். கடவுச்சொல்லை அக்காவின் போனுக்கு அனுப்பியிருந்தான்.

"வள்ளத்த என்ட கூடப்பிறந்த அண்ணன் ஓட்டுறன் எண்டிருக்கார். பார் தெரிஞ்சாத்தான் ஓட்டலாம்," என்றார் அக்கா. "இல்லாட்டி வள்ளத்த வித்துப்போட்டு நான் குவைத்துக்குப் போகவேணும். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டக் கேட்டுக்கொண்டு நிக்கிறான். பிள்ளைக்கு நாலு வயசு, தம்பி."

வீட்டு வேலைக்குப் போன பெண்களை நான் கட்டாரில் பார்த்திருக்கிறேன். லெப்டொப்பைத் திறந்தேன்.

பார்களின் பட்டியல் சிறியது. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. நாற்பதுக்கு மேல் பெயர்கள். 'பல்லுவலி', 'மாமியார்', 'சின்னப் பொய்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பக்கத்தில் ஜிபிஎஸ் எண்கள். கூடவே பெரிய கோப்புறை ஒன்றும் இருந்தது. வள்ளம் போய்வந்த தடங்கள் மட்டும்தான், சில நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வருடக்கணக்காக. என் போன் டேட்டாவில் அதை இறக்க நாள்கணக்காகும். தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அக்காவின் அண்ணன் கொட்டில் வாசலில் வந்து நின்றார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் உப்பு காய்ந்திருந்தது.

"டேய், கொம்பியூட்டர்! நீ தந்தது பாரா, பாலைவனமா? பல்லுவலிக்குப் போனன், அடி பாக்க ஈயக்கட்டிய இறக்கினன், மணல். மாமியாருக்குப் போனன், அதுவும் மணல். உன்ட கட்டாருக்கே போயிட்டனோ எண்டு நினைச்சன்."

எண்களை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. சேர்வரில் இருந்தது அப்படியே என்னிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்து நின்ற அக்கா சிரித்தார். சந்தோசச் சிரிப்பில்லை அது.

"அந்த மனிசன் என்னட்டயே சரியாச் சொன்னதில்ல. தெக்க போயிட்டு வந்து வடக்க எண்டுவார். தம்பிக்காரன் பாக்கிற இடத்தில உண்மைய எழுதுவாரா?"

அண்ணன்காரர் தலையைச் சொறிந்தார். "நானும் அப்பிடித்தான். ஆர் சொல்லுவான்?"

இந்தக் கரையில் பாரை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் கணினியிடமும் பொய் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. ஒரே அளவுக்குத் தள்ளி எழுதியிருப்பாரோ என்று, பட்டியலிலிருந்தவற்றில் எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பார்களை அண்ணன்காரரிடம் கேட்டு ஒப்பிட்டேன். ஒன்று மேற்கே தள்ளியிருந்தது, மற்றது தெற்கே. கணக்கு எதுவும் இல்லை.

பிறகுதான் அந்தத் தடங்கள் ஞாபகம் வந்தன. கையால் எழுதியதில் பொய் இருக்கலாம். தானாகப் பதிந்ததில் அவர் எங்கே போய் நின்றாரோ அதுதான் இருக்கும். சேர்வர் அழிய இரண்டு நாள்தான் இருந்தது. முதல் நாளே இறக்கியிருக்கலாம்.

மாம்புரியில் சிக்னல் போதவில்லை. சிக்னல் நன்றாக வரும் தலவிலைக்குப் போனேன். தேவாலயத் திருவிழா இல்லாத நாட்களில் அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையும் நாய்களும்தான். கடைக்காரரிடம் கேட்டு மின்சாரம் எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி கட்டளை கொடுத்து, நகலெடுக்கத் தொடங்கினேன். அறுந்தது. தொடர்ந்தேன். போன் சூடாகி நின்றது. ஈரத் துணியில் வைத்து ஆறவிட்டுத் தொடர்ந்தேன். இரவு பத்து மணிக்கு மின்சாரம் போய், ஒரு மணிக்குத்தான் வந்தது. அதுவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நித்திரை வரவில்லை, அலுப்பும் போகவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா சோற்றுப் பார்சலோடு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கையில் செபமாலை.

"எவ்வளவு வந்திட்டு?"

"அறுபத்துமூண்டு வீதம்."

செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்தார். "இப்ப?"

"அறுபத்துமூண்டு."

"நான் செபிக்கிறதாலதான் நிக்குதோ?"

"நீங்க செபியுங்கக்கா. அது தன்ட பாட்டுக்கு வரட்டும்."

பின்னேரம் நாலு மணிக்கு மேல் சேர்வர் பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்படியோர் இடமே இல்லை என்று வந்தது. புதிய தடங்களிலிருந்து பழையவற்றுக்குப் போகும்படிதான் இறக்கியிருந்தேன். கடைசி இரண்டு மீன்பிடிப் பருவங்களின் தடங்கள் என்னிடம் இருந்தன. அதற்கு முந்தியவை போய்விட்டன. அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "சாப்பிடு," என்றார்.

அடுத்த நாள் காலையிலிருந்து புள்ளிகளை வரைபடத்தில் போட்டேன். வள்ளம் ஓடியபோது புள்ளிகள் தூரத்தூர விழுந்திருந்தன. நின்றபோது ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. மணிக்கணக்காக நின்ற இடங்கள், திரும்பத் திரும்பப் போன இடங்கள் என்று பிரித்துப் பார்த்ததில் ஐந்து தேறின. பட்டியலிலிருந்த எந்தப் பெயருக்கும் அவை கிட்டவும் இல்லை. எண்களைக் கடதாசியில் எழுதி, தடங்களையும் ஒரு பென்ட்ரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

அண்ணன்காரர் ஒரு கிழமையில் ஐந்துக்கும் போய்வந்தார். இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்றில் வலை கிழிந்தது, அங்கே பாறை மட்டும்தான். மற்ற இரண்டிலும் விளமீனும் பாரைமீனும் ஏறின. பணக்காரர் ஆகிற அளவுக்கில்லை. வள்ளத்தை வைத்திருக்கப் போதும். ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட் கொடுக்கவில்லை என்று அக்கா என் கொட்டில் வாசலில் வந்து நின்று சொன்னார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து லெப்டொப்புக்கு முன்னால் குந்திக்கொண்டார்.

"இதில இருக்கிறத அழி, தம்பி. என்ட கண்ணுக்கு முன்னால."

"அக்கா, ஒரு நகல் மட்டும் வச்சிருக்கக் கூடாது. உங்கட பென்ட்ரைவ் கெட்டுப்போனா?"

"ரெண்டு நகல் எண்டா ரெண்டு வாய். நீ நல்ல பிள்ளைதான். ஆனா நாளைக்கு எங்க இருப்பாய் எண்டு உனக்கே தெரியாது."

அது சரிதான். கோப்புறையைத் தெரிவுசெய்து அழித்தேன்.

"இப்ப குப்பைத் தொட்டிக்குள்ள கிடக்கும், என்ன? எங்கட போன்லயும் அப்பிடித்தான். அதையும் கொட்டு."

அதையும் கொட்டினேன். வெறுமையான திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்த படத்தையும் காட்டச் சொல்லி, அதையும் அழிக்க வைத்தார். பென்ட்ரைவையும் கடதாசியையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வெங்காயப் பாத்திகளுக்கிடையே கரைப்பக்கம் நடந்தார்.

நான் லெப்டொப்பை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். பின்னேரம் வரை எழும்பவில்லை.