மூன்று மணி ரத்தம்

மலேசியாவின் லுக்குட் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் பஞ்சாலை என்ற பெண்ணுக்குப் பதினெட்டு வருட வேலை. கறுப்புப் பையில் மண் நிரப்பி, வேர் கசங்காமல் கன்றை ஊன்றுவதில் அவளுக்கு ஈடாக அங்கே ஆள் இல்லை. நாற்பத்தாறு வயதில் அந்தக் கைதான் அவளுக்கு அடங்காமல் போனது.

கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்த தைராய்டுக் கட்டியை ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. மதியம் சாய்ந்தால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் உள்ளே மடங்கி, கை கொக்கின் அலகு போல விறைத்துக்கொள்ளும். கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான், அறுவையில் அடிபட்டு அவை வேலையை நிறுத்திவிட்டன என்பதை அவளுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். விடாமல் போட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு, இன்னும் எம்.சி. லீவாக்கா? ரொம்ப நடிக்காதீங்க லா," என்றான் வேலை வாங்கும் மண்டோர் வசந்தன், மற்ற பெண்களின் காதில் விழும்படி.

"நடிச்சா சம்பளம் கூட வருமா தம்பி? சொல்லு, நாளைக்கே சினிமாவுக்குப் போயிடறேன்."

பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் காலை ஒன்பது மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். இளவயது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "எல்லாம் நோர்மல். ரொம்ப யோசிக்காதீங்க காக்," என்று மலாயில், அக்கா முறை வைத்துச் சொல்வார். மூன்றாவது முறை மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினார். பஞ்சாலை அதை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"டாக்டரே ஒன்னும் இல்லங்கிறாரு," என்றான் லாரி ஓட்டிவிட்டு வந்த கணவன் மாயாண்டி.

"அப்ப என் கை பொய் சொல்லுதா?"

அன்றே சுவர் காலண்டரையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தாள். கை இழுத்தால் ஒரு சுழி. கால் இழுத்தால் ஒரு கோடு. சொல்ல வந்த வார்த்தை தொலைந்தால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் நேரம். இரண்டு மாதத்தில் தாள் சிவந்துபோனது. பாதிக்கு மேல் பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் விழுந்திருந்தன.

அடுத்த முறை போனபோது கிளினிக் வராந்தாவில் ரோகினி என்ற ஆராய்ச்சி நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். தைராய்டு அறுவைக்குப் பிறகு இந்தச் சுரப்பிகள் செயலிழந்தவர்களுக்கு உடம்பில் என்ன கஷ்டம், அன்றாட வாழ்க்கை எப்படி என்று அளக்க ஒரு படிவம். மலாயிலிருந்து தமிழாக்கியது.

"கடந்த நான்கு வாரங்களில் உணர்விழப்பு ஏற்பட்டதா? இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும். எது ஆன்ட்டி?"

"உணர்வு எங்கம்மா போச்சு? அதான் அதிகமா இருக்கே. எறும்பு ஊருதுன்னு போடு."

ரோகினி ஓரத்தில் எழுதிக்கொண்டாள். "சரி, சில சமயமா, எப்பவுமா?"

"காலையில கேட்டா இல்லம்பேன். மூணு மணிக்குக் கேட்டா அழுவேன். இதுல நேரம் எங்க இருக்கு?" பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து விரித்தாள்.

ரோகினி அதைப் பார்த்துவிட்டு, குடும்ப வாழ்க்கை பாதிக்கிறதா என்ற கேள்விக்கு மெதுவாக வந்தாள். பஞ்சாலை விரித்த தாள்களை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"என் மக பேரு மாதவி. நான் வச்ச பேரு. போன வாரம் போன்ல கூப்பிட வாயில வரல. அதுக்கு எத்தனை மார்க் போடுவ?"

மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்த ரோகினி சொன்னாள், "நான் கேட்ட முப்பது பேர்ல உங்களுக்குத்தான் ரொம்ப மோசம் ஆன்ட்டி. ஆனா ரத்தம் நோர்மல்னு இருக்கு."

"விடியக்காலையில மாத்திர முழுங்கிட்டு வர்றேன், ஒம்பது மணிக்குக் குத்துறாங்க. நோர்மலாத்தான் இருக்கும். மூணு மணிக்கு எடுக்கச் சொல்லு."

"மதியத்துல எடுக்கிறதில்லையே."

"அப்ப நான் இங்கதான் இருப்பேன்."

இருந்தாள். கூட்டம் கலைந்தது. காவலாளி வந்து பஸ் போய்விடும் என்றார், போகட்டும் என்றாள். மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் உதடு மரத்தது, விரல்கள் குவிந்தன. அவள் கதவைத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்து, விறைத்த கையைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நீட்டினாள்.

"இப்ப எடுங்க ரத்தம்."

படிவத்தோடும் காலண்டரோடும் ரோகினி பின்னால் வந்து நின்றாள். டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே ஊசியை எடுத்தார்.

கால்சியம் நன்றாக இறங்கியிருந்தது. மெக்னீசியமும் குறைவு. லுக்குட் கடையில் வாங்கி நாள்தோறும் போட்டுவந்த வயிற்றெரிச்சல் மாத்திரைதான் கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் உடம்பில் சேரவிடாமல் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். வேறென்ன மாத்திரை போடுகிறாள் என்று அவர் அன்றுவரை கேட்டதில்லை.

"நான் ரிப்போர்ட்ட மட்டும் பார்த்துட்டேன் காக். மன்னிச்சிடுங்க."

"இனிமே வர்றவங்க கையையும் பாருங்க," என்றாள் பஞ்சாலை.

வயிற்று மாத்திரை மாறியது. கால்சியம் நாலு வேளையாகப் பிரிந்தது. வேலைக்கு நடுவே மாத்திரை போட அவளுக்கு இடைவேளை தர வேண்டும் என்று ஆஸ்பத்திரி கடிதம் கொடுத்தது. அதை அவள் வசந்தனிடம் கொடுக்கவில்லை. தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியை நாற்றங்காலுக்கே வரவழைத்து, எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னாள். வசந்தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆறு மாதம் கழித்து ரோகினி மறுபடி படிவத்தை எடுத்தாள். 'உணர்விழப்பு' போய் 'எறும்பு ஊர்வது போன்ற உணர்வு' வந்திருந்தது. பக்கத்தில் நேரம் எழுத ஒரு கட்டம். பஞ்சாலையின் கஷ்டக் கணக்கு பாதியாகியிருந்தது.

"அப்ப எல்லாம் சரியாப் போச்சு, இல்லையா?" என்று டாக்டர் முகம் மலரக் கேட்டார்.

"கை சரியாப் போச்சு. மறதி அப்படியேதான் இருக்கு. பாதிய முழுசுன்னு எழுத மாட்டேன்."

படிவத்தைத் தானே வாங்கி, மறதிக்கான கேள்விக்கு வந்தாள். 'அடிக்கடி' என்ற கட்டத்தில், தாள் கிழியும் அளவுக்குப் பேனாவை அழுத்தினாள்.