தானியத்தை விட்ட ரொட்டி மாஸ்டர்

ரொட்டி மாஸ்டர் தானியத்தை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு, தெருவில் சிரிக்காதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஒரே பேக்கரியில் மாவைப் பிசைந்து, உருட்டி, அடுப்பில் ஏற்றி இறக்கிய மனிதர். அவர் சுட்டதைத் தின்று பாதித் தெரு வளர்ந்திருக்கிறது. அவரே இனிமேல் ரொட்டியில் ஒரு துணுக்கைக்கூட வாயில் வைக்க மாட்டாராம். சோறும் கிடையாதாம்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வருடமாகவே உடம்பு சரியில்லை. வேலையில் இறங்கினால் அடுக்கடுக்காகத் தும்மல். சாயங்காலமானால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த சிரப்பைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் பலனில்லை. டாக்டரிடம் போகச் சொல்லி மனைவி கரடியாய்க் கத்தியதும் காதில் ஏறவில்லை.

இந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி வந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். முன்பெல்லாம் அவனுக்கு முன்னால் அவன் தொப்பை வீட்டுக்குள் நுழையும். இப்போது அதைக் காணோம்.

"மாமா, அரிசி, கோதுமை, சோளம் எல்லாத்தையும் ஒரு ரெண்டு மாசம் தூக்கிப் போட்டுப் பாருங்க. உங்க தொப்பை, தும்மல், இழுப்பு எல்லாம் சொல்லாம கொள்ளாம ஓடிடும்."

வேறு யாராவது இருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். மாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. எதையும் சொன்னவுடன் நம்பமாட்டார், நம்பாமல் தள்ளவும் மாட்டார். புது ஈஸ்ட் வந்தால் அதை மூன்று கிண்ணத்தில் கரைத்து, ஒன்றை அடுப்பருகே, ஒன்றை ஜன்னலில், ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்து, எது எப்போது பொங்குகிறது என்று குட்டி போட்ட பூனை மாதிரி மூன்றையும் சுற்றிச் சுற்றி வருவார்.

"பாத்துடுவோம்" என்றார்.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். "அப்ப வீட்ல நான் என்னத்தத்தான் ஆக்கறது? காத்தையா?" என்றாள்.

"முட்டை இருக்கு, மீன் இருக்கு, காய் இருக்கு, பருப்பு இருக்கு. உலகத்துல சோறும் ரொட்டியும் மட்டும்தானா சாப்பாடு?"

"இதச் சொல்றது யாரு? ரொட்டி மாஸ்டர்!"

உடம்பு தேறுகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் அவரே ஒரு வழி வைத்தார். காலையும் மாலையும் சமையலறை ஜன்னல் பக்கம் நின்று, மூச்சை முழுக்க இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுவார். எந்த எண்ணில் மூச்சு தீர்கிறதோ, அதைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதுவார். முதல் நாள் முப்பத்தொன்று.

மூன்று வாரத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. மத்தியானத் தூக்கக் கலக்கம் போயிற்று. மைத்துனன் சொன்னதில் பாதி பலித்துவிட்டது. மூச்சு மட்டும் போக்குக் காட்டியது. செவ்வாய்க்கிழமை காலையில் முப்பத்தொன்பது வரை போகும். ஞாயிறு சாயங்காலம் இருபத்தேழில் முட்டிக்கொண்டு நிற்கும். பேக்கரிக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

மாஸ்டருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, அது எது? பருப்பை நிறுத்தினார். பிறகு கடலை. பிறகு பால், உருளைக்கிழங்கு. கடைசியில் தட்டில் முட்டையும் கீரையும் எப்போதாவது மீனும்தான் மிஞ்சின. சட்டை தோளில் தொங்கியது. மனைவிக்குப் பயம் வந்துவிட்டது.

பேக்கரியிலும் வேடிக்கைதான். தான் சுட்ட ரொட்டியைத் தானே ருசி பார்க்க முடியாதே! கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் ஒரு துண்டை நீட்டிவிட்டு, "உப்பு நாக்கு நுனியில தெரியுதா, தொண்டைகிட்ட தெரியுதா? மேல் பட்டை மெல்லும்போது சத்தம் வருதா?" என்று துளைத்தெடுப்பார்.

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்பாள் அவள். அவ்வளவுதான் அவளிடமிருந்து வரும்.

தினமும் வேலை முடிந்து புருவம் வரை வெளுத்துப்போய் வீட்டு வாசலில் நிற்பார். மனைவி சட்டையை வாங்கி உதறுவாள். மாவு புகை மாதிரி கிளம்பும். இவர் இருமுவார். தானியத்தை வாயில் படவிடாத மனுஷர் தலை முதல் கால் வரை தானியமாக வந்து நிற்கிறாரே என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் கண்ணைக் கட்டிவிட்டது.

இரண்டு மாதம் முடிகிற சமயத்தில் பேக்கரி அடுப்பின் தளம் விரிசல் விட்டது. பழுது பார்க்கப் பத்து நாள் கடையை மூடினார் முதலாளி. வீட்டில் இருந்த நாலாம் நாள் நாற்பத்து நான்கு. ஆறாம் நாள் ஐம்பத்தொன்று! மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனனுக்கு போன் போட்டு, "மாப்ள, நீ சொன்னது நூத்துக்கு நூறு" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் மாஸ்டரே இல்லை. தானியத்தை விட்டதால்தான் மூச்சு வந்தது என்றால், திரும்பத் தின்றால் போக வேண்டும். போகிறதா?

யாரிடமும் சொல்லாமல் நாலு தெரு தள்ளி இருந்த வேறொரு பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்கினார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றார். முதல் வாய்க்கே கண்ணில் நீர் முட்டியது. ரெண்டாம் வாய்க்கு, இந்த மாவை இன்னும் பத்து நிமிடம் முன்னாலேயே அடுப்பில் ஏற்றியிருக்க வேண்டும் என்று குற்றம் கண்டுபிடித்தார். முழுசையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் காலை ஐம்பத்திரண்டு. அன்றும் போய்த் தின்றார். அடுத்த நாள் ஐம்பத்து மூன்று.

அதே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். ரொட்டி ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் இந்த நாட்களில் எதுதான் இல்லை? கடை இல்லை. மாவு மூட்டை இல்லை. திங்கட்கிழமை விடுமுறை, செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்பது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

ஈஸ்ட் ஒரு குமிழி விட்டாலும் ஊரைக் கூட்டிச் சொல்கிற மனிதர், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் அன்றோடு பேக்கரி வாசலை மிதிக்க விடமாட்டாள். நாற்பத்தொன்பது வயதில் அவருக்கு வேறு என்ன தெரியும்? பழி தானியத்தின் மேலேயே இருக்கட்டும் என்று முடிவு கட்டினார். வாயைக் கட்டிவிடலாம், கையைக் கட்டிப்போட முடியாது. வீட்டில் முன்னைவிடக் கறாராக முட்டையும் கீரையும் தின்றார்.

கடை திறந்த அன்று மூக்கில் இறுக்கிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு மாவு மூட்டையைப் பிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விசில் சத்தம் அவருக்கு முன்னால் வந்தது.

"எண்ணுங்க" என்றாள் மனைவி.

எண்ணினார். முப்பத்து மூன்றில் நின்றது.

"காலையில அம்பத்தி மூணு இருந்துச்சே."

"மத்தியானம் கொஞ்சம் கடலை தின்னேன். அதான்."

"கடலையை நீங்க நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், தன் பட்டியலையே மறந்துவிட்டார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போய்த் தனக்கு வைத்திருந்த சோற்றை ஒரு தட்டில் போட்டு, மேலே மீன் துண்டையும் வைத்துக் கொண்டுவந்தாள்.

"சாப்பிடுங்க. என்ன ஆகுதுன்னு பாத்துடுவோம். நீங்க எலும்பா போறத என்னால பாக்க முடியலை."

"வேணாம்."

"ஏன்? உங்களுக்குத்தான் எதையும் செஞ்சு பாக்கணுமே!"

"பாத்துட்டேன்" என்றார் மாஸ்டர். "கடை மூடியிருந்தப்ப ரெண்டு நாள் முழு ரொட்டி தின்னேன். ஒண்ணும் ஆகலை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நல்ல விஷயந்தானே! இத ஏன் மறைச்சீங்க? அப்ப சோறு தின்னலாம், ரொட்டி தின்னலாம்..." பேசிக்கொண்டே போனவள், கொடியில் கிடந்த அவருடைய மாவு படிந்த சட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அப்ப... மாவா?"

"மாவுதான்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறைக்க இனி ஒன்றும் இல்லை, பசியோ இரண்டு மாதத்துப் பசி. அவ்வளவு சோற்றையும் தின்றார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் மாஸ்டரை ஒரு குழாயில் பலமுறை ஊதச் சொன்னார், வேலையைப் பற்றி நிறையக் கேட்டார். கடைசியில், மூச்சோடு உள்ளே போகிற மாவுதான் ஆகவில்லை என்றும், அந்த வேலையை விட்டால் நெஞ்சு தேறும், விடாவிட்டால் மோசமாகும் என்றும் சொன்னார்.

"முகமூடி போட்டுக்கிட்டு செஞ்சா?"

"கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். அவ்வளவுதான்."

மாஸ்டரின் முகத்தைப் பார்த்து டாக்டரம்மாவுக்கே சங்கடமாகப் போயிற்று. "நல்லதையும் பாருங்களேன். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரை, அதச் சாப்பிடாதீங்க, இதச் சாப்பிடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பறேன். நீங்க ரொட்டிய தாராளமா சாப்பிடலாம்."

"சாப்பிடறதுக்கு எங்க தெருவே இருக்கு டாக்டர்" என்றார் மாஸ்டர். "சுடறதுக்குத்தான் நான் இருந்தேன்."