தூக்கிப் பார்த்து வாங்கிய ரேடியோ

எங்கள் முதலாளிக்கு ஒரு பொருளின் தரம் கண்ணால் தெரியாது. கையில் தூக்கினால்தான் தெரியும். பாத்திரக் கடையில் அண்டா வாங்குகிற மாதிரி ஏந்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார் அல்லது தலையாட்டுவார். அதோடு தீர்ப்பு முடிந்தது.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் நாங்கள் செய்வது சிமுலேட்டர். விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே பழகுவதற்கான போலி விமானி அறை. இருக்கையும் திரையும் எங்கள் ஷெட்டிலேயே தயாராகிவிடும். விமானி கை வைக்கிற ரேடியோ, மீட்டர், சுவிட்சுகளை மட்டும் வெளியே வாங்குவோம். எல்லாமே போலிதான், ஆனால் கைக்கு நிஜம் மாதிரியே இருந்தாக வேண்டும். நல்ல போலி எது என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சொல்வதைக் கேட்பதற்கு யாருக்கும் சம்பளம் கிடையாது போலிருக்கிறது.

அந்த முறை ரேடியோவுக்கு இரண்டு சாம்பிள் வந்தன. ஒன்று பக்கத்துப் பென்னலூரில் சின்னதாக ஷெட் போட்டிருந்த ஒரு தம்பியுடையது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஒரு கம்பெனியில் லைனில் நின்று, பிறகு சொந்தத் தொழில் தொடங்கியவன். அவன் ரேடியோவில் அலைவரிசை எண்ணை மாற்றும் வட்டக் குமிழான நாபைத் திருப்பினால், ஒரு க்ளிக்குக்கு ஒரு எண் நகரும். மெதுவாகத் திருப்பினாலும் சரி, அவசரமாகத் திருப்பினாலும் சரி. மத்தியானம் முழுக்க நான் திருப்பிக்கொண்டே இருந்தேன். "மேடத்துக்கு இன்னும் பாட்டு ஸ்டேஷன் கிடைக்கல" என்று பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அது ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

மற்றது ஒரு பெரிய வியாபாரி அனுப்பியது. பளபளவென்றிருந்தது. வலப்பக்கம் ஒரு க்ளிக் திருப்பினால் இரண்டு எண் தாவும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக ஒவ்வொன்றாக இறங்கும்.

முதலாளி இரண்டையும் இரண்டு கையில் ஏந்தினார்.

"இது இன்னாம்மா, காலி டப்பா மாதிரி கீது? அத்த பாரு, எப்டி கெட்டியா கீது!"

"சார், நாபைத் திருப்பிப் பாருங்க. பசங்க கை அதுலதான் பழகும்."

"அதெல்லாம் சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம். லேசா இருந்தா கஸ்டமர், ஏமாத்திட்டான்னு நெனைப்பான்மா."

சாஃப்ட்வேர்காரர்களுக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. தாவுகிற நாப் தாவியபடியே பயிற்சிப் பள்ளிகளுக்குப் போனது. ஆர்டர் ஏன் கைவிட்டுப் போனது என்று பென்னலூர்த் தம்பி போனில் கேட்டான். லேசாக இருக்கிறதாம் என்று சொன்னேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு பள்ளியில் ரேடியோவின் விளக்கு எரியவில்லை என்று என்னை அனுப்பினார்கள். சிமுலேட்டரில் ஒரு மாணவி பழகிக்கொண்டிருந்தாள். ரேடியோ எண்ணை மாற்றும்போதெல்லாம் அவள் விரல் வலப்பக்கம் ஒன்று, உடனே இடப்பக்கம் ஒன்று என்று போய் வந்தது. அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"ஏம்மா இப்படித் திருப்புற?"

"இதுல அப்படித்தான் மேடம் வரும். சீனியர்ஸ் சொல்லிக் கொடுத்தாங்க."

இரண்டு தாவி ஒன்று குறைந்தால், சரியான எண். ஆனால் நிஜ விமானத்தின் நாப் தாவாது. அதில் ஒன்று போய் ஒன்று திரும்பினால், எண் இருந்த இடத்திலேயே நிற்கும். பயிற்சி விமானத்தில் பறக்கும்போது அவளுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். தரையிலுள்ள அடுத்த விமானக் கட்டுப்பாட்டு அறைக்கு மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பழைய அறையையே கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் ஒரு தடவை இல்லை. தனியாகப் பறக்க இவள் இன்னும் லாயக்கில்லை என்று பயிற்சியாளர் நிறுத்தி வைத்துவிட்டார்.

"தப்புன்னு தெரியுது மேடம். ஆனா கை கேக்க மாட்டேங்குது" என்றாள். கண் கலங்கிவிட்டது.

விளக்கைச் சரிசெய்ய ரேடியோவைக் கழற்றினேன். அடியில் ஒரு இரும்புத் தகடு. எதையும் தாங்கவில்லை, எதையும் இணைக்கவில்லை. எடைக்காக மட்டும் நான்கு மூலையிலும் திருகி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அந்தத் தகட்டை முதலாளியின் மேசையில் வைத்து, அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

அவர் தகட்டை எடுத்து ஏந்திப் பார்த்தார்.

"நல்ல இரும்புதாம்மா" என்றார்.

அடுத்த ஆர்டர் வந்தபோது பென்னலூர்த் தம்பியையும் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று சண்டை போட்டேன். என் நச்சரிப்புத் தாங்காமல் முதலாளி ஒத்துக்கொண்டார். தம்பியின் சாம்பிள் வந்தது. முதலாளி தூக்கினார். முகம் மலர்ந்தது.

"ஆங், இது பொருளு! இவனுக்கே குடுத்துடு."

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அதை என் மேசைக்குத் தூக்கி வரும்போதே கை கனத்தது. உள்ளே என்ன இருக்கும் என்று புரிந்துவிட்டது. பிழைக்கத் தெரிந்துகொண்டான், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நாபை வலப்பக்கம் ஒரு க்ளிக் திருப்பினேன். இரண்டு எண் தாவியது.

உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"தகடு போட்ட, சரி. நாபை ஏன்டா மாத்தின?"

"வெயிட்டும் வேணும், வெலையும் ஏறக் கூடாதுன்னா நான் எங்கிட்டுப் போவேன்க்கா? அதான் மலிவு நாபு போட்டுட்டேன்."

"போன தடவை போட்டது எவ்வளவு நல்ல நாபு!"

"அதத் திருப்பிப் பாத்தது நீங்க ஒருத்தர்தானக்கா" என்றான்.